தொண்ணூற்றொன்பது இதழ்களில் ஒரு நத்தார் மரம்

நான் சிறுமியாக இருந்த காலத்தில் நத்தாருக்கு நான்கு நாட்கள் இருக்கும்போதே எங்கள் வீட்டு முன்னறையில் சவுக்கு மணக்கத் தொடங்கிவிடும். கடற்கரைப் பக்கம் போய்வருகிற யாராவது ஒரு கொப்பை வெட்டிக்கொண்டு வந்து தருவார்கள். அம்மா அதை மணல் நிரப்பிய வாளியில் நட்டு, செங்கல் அண்டை கொடுத்து, வாளி தெரியாதபடி வர்ணக் கடதாசி சுற்றி நிறுத்துவார். சவுக்கின் இலை என்று நாம் நினைக்கும் அந்தப் பச்சை ஊசிகள் உண்மையில் மெல்லிய கிளைகள். இலைகளோ அவற்றின் கணுக்களில் செதில் போலச் சுற்றி ஒட்டியிருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாது. வெட்டிய கொப்பு நான்கு நாளில் பழுத்துவிடும். வருடப்பிறப்பன்று காலையில் அறையெங்கும் உதிர்ந்து கிடக்கும் அந்த ஊசிகளைப் பெருக்கி எடுப்பது என் வேலை. அப்போதெல்லாம் மனதில் ஒரு துக்கம் இருக்கும். வருடா வருடம் எடுத்து வைக்கக்கூடிய ஒரு மரத்தை என் கையாலேயே பின்ன வேண்டும் என்ற ஆசை அந்தத் துக்கத்தில்தான் முளைத்தது என்று நினைக்கிறேன்.

குரோசே, அதாவது கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னும் வேலை, எனக்குப் பெரியம்மாவிடமிருந்து வந்தது. மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷனரி 1814 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டார். மிஷன் பள்ளிகளிலும் பின்னர் கன்னியர் மடத்துப் பள்ளிகளிலும் படித்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எழுத்தோடு தையலும் சேர்ந்தே வந்தது. பெரியம்மா மேசை விரிப்பும் வானொலிப் பெட்டிக்கு உறையும் பின்னுவார். நான் நூலை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு தடுமாறும்போது, "இழுத்துப் புடியாத கா, நூல் ஓடட்டும். முதல் வளையம் சரியெண்டா மறுகா எல்லாம் தானா வரும்" என்பார். அந்த முதல் வளையம் எவ்வளவு பெரிய விடயம் என்பது, ஒரு மரத்தின் உச்சியைப் பின்னத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

மூன்று வருடங்களுக்கு முன் நான் செய்த முதலாவது மரம் பிழையாகிப் போனது. இணையத்தில் கிடைத்த ஓர் அமெரிக்கச் செய்முறைக் குறிப்பைப் பார்த்து, இலை அடுக்குகளுக்கு 'டபிள் குரோசே' என்ற கண்ணி (பின்னலின் ஒரு வளையம்) இருந்த இடத்திலெல்லாம் பெரியம்மா சொல்லித்தந்த டபிள் குரோசேயைப் போட்டேன். இலைகள் விரியவே இல்லை. மரத்தைச் சுற்றி முடிச்சு முடிச்சாகச் சுருண்டு நின்றன. இரண்டு அடுக்குகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டும் அதே கதிதான். குற்றம் கையில் இருக்கவில்லை, பெயரில் இருந்தது. பிரித்தானியர் டபிள் என்பதை அமெரிக்கர் சிங்கிள் என்கிறார்கள். பிரித்தானியர் ட்ரெபிள் என்பது அமெரிக்கருக்கு டபிள். எங்கள் பள்ளிகளில் படித்தவர்களின் வாயில் இருப்பவை பிரித்தானியப் பெயர்கள். யூடியூபில் நம் பிள்ளைகள் பார்ப்பவை பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள். ஒரு குறிப்பில் 'சிங்கிள் குரோசே' என்ற சொல் அடிக்கடி வந்தால் அது அமெரிக்கக் குறிப்பு என்று பெரும்பாலும் நம்பலாம், ஏனென்றால் இன்றைய பிரித்தானியக் குறிப்புகளில் அந்தப் பெயரே இராது. இந்தக் குழப்பம் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காக, இந்தப் பதிவில் அவற்றைக் குட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி என்றே எழுதுகிறேன். ஊசியைக் கண்ணிக்குள் விட்டு இழுத்து ஒரே தரத்தில் மூடுவது குட்டை, அதாவது பிரித்தானிய டபிள். முதலில் ஊசியில் ஒரு தரம் நூலைச் சுற்றிக்கொண்டு, இரண்டிரண்டு இழையாக இரு தரம் மூடுவது நெட்டை, அதாவது பிரித்தானிய ட்ரெபிள்.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் 'வூல்' என்று கேட்டால் இங்கே தருவது அநேகமாக அக்ரிலிக் நூல்தான், ஆட்டு மயிர் அதில் இராது. மரத்துக்கு அதுவே நல்லது என்பது என் அனுபவம். பருத்தி நூலில் பின்னிக் கஞ்சி போட்டு விறைக்க வைத்தால் பார்ப்பதற்கு மிகவும் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மார்கழியில் வாடைக் காற்றும் அடைமழையும் சேர்ந்து சுவரே வியர்க்கிற இந்த ஊரில், வாவிக்கு இவ்வளவு அருகில் இருக்கும் புளியந்தீவு வீட்டில், கஞ்சி இரண்டு நாளில் தளர்ந்து, மரம் தலை சாய்ந்துவிடும். மிச்சத்தைக் கரப்பான் பூச்சி பார்த்துக்கொள்ளும். சீனிப் பாகு போட்டு விறைக்க வைப்பவர்களும் உண்டு. எறும்புக்கு அழைப்பு அனுப்பத் தேவையில்லை. அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சாது, பூஞ்சணமும் சுலபமாகப் பிடிக்காது. அதற்குச் சூடு மட்டும் ஆகாது. அயன் பெட்டியை நேராக வைத்தால் நூல் செத்துத் துவண்டுவிடும், பிறகு எதைச் செய்தாலும் நிமிராது.

இனி வடிவம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பள்ளியில் வெறுத்த கணக்கு பாடம் விரல் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. குட்டைக் கண்ணியில் வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண்ணி கூட்டினால் தட்டையான வட்டம் கிடைக்கும், ஏனென்றால் வட்டத்தின் ஆரம் ஒன்று கூடும்போது சுற்றளவு ஏறத்தாழ ஆறேகால் கூட வேண்டும். அதைவிடக் குறைத்துக் கூட்டினால் தட்டு கூம்பாக மடியத் தொடங்கும். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு ஒல்லியாகும். நான் மூன்று சுற்றுக்கு ஒரு தரம் ஆறு கண்ணி கூட்டினேன். முதல் வளையத்தில் ஆறு, மூன்றாம் சுற்றில் பன்னிரண்டு, ஆறாம் சுற்றில் பதினெட்டு, இப்படியே போய் அறுபதாம் சுற்றில் 126. 3 மில்லிமீற்றர் ஊசியில், என் கைக்கு, ஓர் அங்குலத்துக்கு ஐந்து கண்ணி அகலமும் ஐந்து சுற்று நீளமும் வரும்; ஆகவே சரிவு 12 அங்குலம், அடியின் சுற்றளவு 25 அங்குலத்துக்குச் சற்று மேல். கை தளர்ந்தவர்களுக்கு மரம் பெரிதாகும், இறுகியவர்களுக்குச் சிறிதாகும், உருவம் மாறாது. கூட்டும் கண்ணிகளை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போடாமல் சற்று விலக்கி விலக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கூம்பு ஆறு மூலையுள்ளதாகக் கோணிக்கொள்ளும். சுற்று தொடங்கும் இடத்தில் ஒரு சேப்டி பின்னைக் கொளுவி வைத்துக்கொள்வது நல்லது. நான் ஒருமுறை அதைக் கொளுவ மறந்து, ஆறு சுற்றுகளைப் பிரித்தேன்.

இலைகளுக்கான இடத்தை உடலைப் பின்னும்போதே ஒதுக்கிவிட வேண்டும். ஒரு கண்ணியின் தலையில், ஆங்கில 'வி' எழுத்தைப் படுக்கப் போட்டதுபோல், முன்னும் பின்னுமாக இரண்டு இழைகள் இருக்கும். சாதாரணமாக ஊசி இரண்டுக்கும் கீழே போகும். ஏழாம் சுற்றிலும், அதன் பிறகு ஆறு சுற்றுக்கு ஒரு தரமும், அதாவது 7, 13, 19 என்று 55 வரைக்கும், பின் இழையில் மட்டும் ஊசியை விட்டுப் பின்னினேன். அப்போது முன் இழைகள் மரத்தைச் சுற்றி மெல்லிய வரம்பு போல வெளியே நின்றுவிடும். உடல் முழுவதும் முடிந்ததும் மரத்தைத் தலைகீழாக மடியில் வைத்து அந்த வரம்பில் புதிய நூலைக் கட்டி இலைகளைப் போட வேண்டும். நிமிர்த்தும்போது அவை தாமாகவே கீழ்நோக்கித் தொங்கும். ஒரு குட்டைக் கண்ணி, இரண்டு இழையை விட்டு அடுத்த ஒரே இழைக்குள் ஐந்து நெட்டைக் கண்ணி, மறுபடி இரண்டை விட்டு ஒரு குட்டை. ஐந்து நெட்டையும் ஒரே காம்பிலிருந்து விசிறி போல விரிந்து, ஓரம் வளைந்து, ஒரு சிப்பியைப் போல இருக்கும்; இதுதான் ஓர் இதழ். ஓர் இதழுக்கு ஆறு இழை செலவாகிறது. கண்ணி எண்ணிக்கைகள் எல்லாமே ஆறின் மடங்காக இருப்பதால் ஒரு வரிசையிலும் மிச்சமோ குறையோ விழவில்லை. உச்சி வரிசையில் மூன்று இதழ், அதற்குக் கீழே ஐந்து, ஏழு என்று போய் கடைசி வரிசையில் பத்தொன்பது. ஒன்பது வரிசைகளையும் கூட்டினால் தொண்ணூற்றொன்பது.

கடும் பச்சையில் உடலும் அதைவிடச் சற்று வெளிறிய பச்சையில் இதழ்களும் போட்டேன். இதழ் எட்டாத இடைவெளியில் உள்ளே இருக்கும் கடும் பச்சை நிழலாகத் தெரிகிறது, அதனால் மரம் அடர்த்தியாகத் தோன்றுகிறது. கடும் பச்சையில் ஒரு தொல்லை உண்டு. மாலை வெளிச்சத்தில் கண்ணி கண்ணுக்கே தெரியாது. மழை மாதத்தில் பகலும் மங்கல். அதனால் இந்த வேலையைக் கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியிலேயே தொடங்கிவிடுவது என் வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களில் வெளிச்சம் மதியத்துக்குப் பிறகும் வாசலில் நிற்கும். கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டிக் கிறீச்சிடும், அதற்கு மடியில் ஒரு துவாயை வைத்துக்கொண்டால் போதும்.

மரத்தை நிறுத்துவதற்கு உள்ளே பஞ்சு அடைப்பதைவிட மட்டைக் கூம்பு நல்லது. பஞ்சு ஈரத்தில் கட்டிபட்டு வயிறு தள்ளிவிடும். கூம்பை வெட்டுவதற்கு அளவெடுத்து அலையத் தேவையில்லை. 12 அங்குல ஆரத்தில் மட்டையில் ஒரு வட்டம் கீறி, அதை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை எடுத்துச் சுருட்டினால் மேலே சொன்ன உடலுக்கு அப்படியே பொருந்தும். ஒட்டுவதற்கு ஓரத்தில் அரை அங்குலம் கூடுதலாக விட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கணக்குப் போட்டு வெட்டி, பின்னலை மேலிருந்து போர்த்தி இழுத்தபோது, அடி விளிம்பும் மட்டையின் விளிம்பும் ஒரே கோட்டில் வந்து நின்றன. அந்த மகிழ்ச்சியைச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

அலங்காரத்தைக் குறைவாகவே வைத்தேன். உச்சியில் மஞ்சள் நூலில் ஐந்து முனை நட்சத்திரம். கிளைகளில் வெள்ளை நூலில் பின்னிய சிறு மீன்கள் பன்னிரண்டு. மீன் ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம். மட்டக்களப்புக்கோ அது வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் 'பாடும் மீன்'. இரண்டும் ஒரே உருவத்தில் சந்திக்கும்போது வாங்கிய பளபளப்பு உருண்டைகளை எடுத்துக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு மீனுக்கும் கண்ணாகக் கறுப்பு நூலில் ஒரு முடிச்சு. மெழுகுதிரியை மட்டும் இந்த மரத்துக்கு அருகில் வைக்கவே கூடாது, அக்ரிலிக் உருகிப் பற்றும். பற்றரியில் எரியும் சின்ன எல்.ஈ.டி சரம் சூடாகாது. அதை இதழ்களுக்கு அடியில் ஒளித்து ஓட்டினால் வெளிச்சம் இதழின் ஓட்டைகளால் கசிகிறது.

கடந்த வருடம் நத்தாருக்கு முதல் நாள் இரவு, திருப்பலிக்குப் போகும் முன், பாலன் குடிலுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். தங்கையின் மகள் மேசையைச் சுற்றி நடந்து இதழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். "பெரியம்மா, தொண்ணூற்றெட்டுத்தான் இருக்கு" என்றாள். திரும்பவும் இருவருமாக எண்ணினோம். ஏழாவது வரிசையில் அவள் ஒன்றைத் தவற விட்டிருந்தாள், அங்கே இரண்டு இதழ்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து கிடந்தன. விரலால் பிரித்துவிட்டேன். கோயிலால் வந்த பிறகும் படுக்காமல் அவள் அந்த மரத்தின் முன்னே உட்கார்ந்திருந்தாள்.

பெருநாள் முடிந்ததும் மரத்தின் கூம்பை உருவி, பின்னலைத் தட்டையாக மடித்து, இரண்டு வேப்பிலைக் கொத்தோடு பழைய பிஸ்கட் தகரத்தில் வைத்தேன். இந்த வருடம் திறந்தபோது ஓர் இதழும் குலையவில்லை. அவளுக்கென்று சிறிதாக ஒன்றை இப்போது தொடங்கியிருக்கிறேன். 36 சுற்று, ஐந்து அடுக்கு, முப்பத்தைந்து இதழ். இன்று பின்னேரம் வெளிச்சம் போகும் வரைக்கும் இருபத்திரண்டாம் சுற்று முடிந்திருக்கிறது, ஊசியைச் சுற்றி நாற்பத்தெட்டுக் கண்ணி. அடுத்ததற்கு அடுத்த சுற்றில் மறுபடி ஆறு கூட்ட வேண்டும்.