சிவப்பு மப்ளர்: ஸ்ப்லிட் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

குரோஷியாவின் கடலோர நகரமான ஸ்ப்லிட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. இந்த ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஹாய்டுக் கால்பந்துக் கிளப்பின் சின்னம்தான். மின்பெட்டி, மாடிப்படி, மதில் எதையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்காரப் பெரியவரிடம் “நீங்களும் ஹாய்டுக் கட்சிதானா?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அலமாரியைத் திறந்து ஒரு சிவப்பு மப்ளரை எடுத்து மேசைமேல் விரித்தார். ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கியது. நடுவே கிழிந்த ஓர் இடத்தை, கொஞ்சம் அடர்ந்த வேறு சிவப்பு நூலால் யாரோ பொறுமையாகத் தைத்திருந்தார்கள். மேலே மூன்று எழுத்து: ஆர்.என்.கே. முதல் எழுத்தின்மேல் விரலை வைத்து “ராத்னிச்கி” என்றார். தொழிலாளர்களுடையது என்று அர்த்தம். தொழிலாளர் கால்பந்துக் கிளப், ஸ்ப்லிட்.

ஊரில் இரண்டாவதாக ஒரு கிளப் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாளாக இதே நினைப்பு. ஹாய்டுக்கை 1911-இல் தொடங்கியவர்கள் பிராக் நகரில் படித்துக்கொண்டிருந்த ஸ்ப்லிட் மாணவர்கள். அடுத்த ஆண்டே, 1912-இல், தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஓர் அணி சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அனார்ஹ்’. அரசே வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்ட் கொள்கையிலிருந்து எடுத்த பெயர். ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஆட்சி நடக்கும்போது, ஒரு பந்தாட்டக் குழுவுக்கு இப்படி ஒரு பெயர்! என்ன நெஞ்சழுத்தம் என்று வியந்துபோனேன்.

அப்புறம் யூகோஸ்லாவிய மன்னராட்சி வந்தது. இடதுசாரிகள் என்பதால் அதிகாரிகளின் கண் எப்போதும் இவர்கள்மேல்தான். பெயர் பலமுறை மாறியது, ஆட்கள் மாறவில்லை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, குடியரசுப் படையோடு சேர்ந்து, கிளர்ச்சி செய்த தளபதி ஃபிராங்கோவை எதிர்த்துப் போராட இவர்களில் சிலர் கடல்வழியாகக் கிளம்பியிருக்கிறார்கள். ஸ்பெயின் போய்ச் சேரும் முன்பே பிடிபட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவைக்க வேண்டும்.

1941 ஏப்ரலில் இத்தாலியப் படை ஸ்ப்லிட்டுக்குள் நுழைந்தது. ஆகஸ்டில் ஊர் இளைஞர்கள் ‘முதல் ஸ்ப்லிட் பார்ட்டிசான் படை’ என்ற கெரில்லாக் குழுவாகச் சேர்ந்து மலைப்பக்கம் கிளம்பினார்கள். அதில் இந்தக் கிளப்பின் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். துப்பாக்கிப் பழக்கம் பெரிதாக இல்லாதவர்கள். சிஞ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கோஷூடே கிராமத்தருகே சுற்றிவளைக்கப்பட்டார்கள். பிடிபட்டவர்களை அந்த மாதமே ருதுஷா என்ற இடத்தில் நிறுத்திச் சுட்டுக்கொன்றார்கள்.

போர் முடிவதற்குள் இந்த ஒரு கிளப் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. அணி என்றால் பதினொரு பேர். எத்தனை அணி அது! மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பெரியவர் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. “எங்கள் தெருப் பையன்கள்” என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 13, வியாழன்

மைதானத்துக்குப் போய்வந்தேன். ‘பார்க் ம்லாதேஜி’ என்றால் இளைஞர் பூங்கா. 1955-இல் திறந்தது. பந்தாடும் புல்தரையைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் பார்வையாளர் வரிசைக்கும் ஆட்டத்துக்கும் கொஞ்சம் தூரம். கல்படியில் உட்கார்ந்தேன், சில்லென்றிருந்தது. வடக்கே மலையிலிருந்து இறங்கும் ‘பூரா’ காற்று காதைப் பிய்த்தது. ஒரு பெண் தனியாகத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஐம்பதுகளின் கடைசியில் யூகோஸ்லாவியாவின் முதல் டிவிஷன் வரை வந்த அணி இது. பிற்பாடு ஐரோப்பா முழுக்கப் பேர்பெற்ற பயிற்சியாளர் தொமிஸ்லாவ் இவிச் ஆடியதும் இங்கேதான். அதன்பிறகு நெடுங்காலம் கீழ் டிவிஷன்கள்தான்.

மார்ச் 16, ஞாயிறு

பெரியவர் இன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். காபி ஆறிப்போகும்வரை கிளப்பின் நல்ல காலத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

2009-இல் மூன்றாம் டிவிஷனிலிருந்து இரண்டாவதுக்கு, 2010-இல் முதலாவதுக்கு. வந்த முதல் சீசனிலேயே மூன்றாம் இடம்! 2011-இல் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றில் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் அணி இந்த ஊருக்கு வந்து கோல் போட முடியாமல் திரும்பியது. மறு ஆட்டத்தில் லண்டனில் 2-0 தோல்வி. 2014-இல் இன்னும் ஒரு படி மேலே. முக்கியச் சுற்றுக்குள் நுழைய இத்தாலியின் டோரினோ அணியோடு மோதல். இங்கே 0-0, அங்கே ஒரே ஒரு பெனால்டியில் 1-0. அதைச் சொல்லும்போது மேசையை லேசாகத் தட்டினார். 2015 குரோஷியக் கோப்பை இறுதிப்போட்டியும் டினாமோ ஜாக்ரெப்புக்கு எதிராகக் கோலில்லாமல் முடிந்து, பெனால்டியில்தான் கைநழுவியது.

ஆன்டே ரெபிச் இங்கே ஆடி வளர்ந்துதான் 2013-இல் இத்தாலிக்குப் போனார். 2018 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்காக அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர் போட்ட கோலை இந்த வீட்டில் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள்!

அப்புறம் எல்லாம் சரிந்தது. 2017-இல் கடைசி இடம். பணமுடை, இரண்டாம் டிவிஷனுக்கான லைசென்ஸும் கிடைக்கவில்லை. நேராக மூன்றாவதுக்கு.

“வருத்தமாக இல்லையா?” என்று கேட்டேன். “டிவிஷன் போனால் போகட்டும், பெயர் இருக்கிறதே” என்றார்.

மார்ச் 17, திங்கள்

மப்ளரின் ஓரத்தைத் தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். கொடுத்துவிட்டார். சந்தையில் மூன்று கடை ஏறி இறங்கியும் அதே சிவப்பில் நூல் அமையவில்லை. கிடைத்ததில் நெருங்கியதை வாங்கியிருக்கிறேன்.

நாளை காலை பஸ்ஸில் சிஞ் போகிறோம். அங்கிருந்து ருதுஷா. பெரியவரும் வருகிறார்.