பிடி கொழுக்கட்டையில் தொடங்கிய மவுஸ்

என் கணினிக்காகச் செய்துவரும் மர மவுஸின் நான்காவது வடிவம் நேற்று கைக்கு வந்தது. முதல் மூன்றும் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் மரச்சொப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆத்தங்குடித் தரைக் கற்களுக்குப் பூ வடிவங்களைக் கணினியில் வரைந்து கொடுப்பது என் வேலை. கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அச்சின் கோடு சற்று விலகினாலும் நான்கு கற்கள் சேரும் மூலையில் பூ கோணிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வளைவையும் மவுஸால் இம்மி இம்மியாக இழுத்தாக வேண்டும். சென்ற வருடம் சோறு பிசையும்போதே வலது மணிக்கட்டு முறையிட ஆரம்பித்தது.

தட்டையான மவுஸைப் பிடிக்கையில் உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. அப்போது முன்கை எலும்புகள் இரண்டில் ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்கே ஏறிக்கிடக்கும். கூடவே மணிக்கட்டும் மேல்நோக்கி மடங்கினால், தசைநாண்களோடு நெருக்கியடித்துச் செல்லும் நரம்பின் மேல் அழுத்தம் கூடுகிறது. கைகுலுக்குவது போலப் பிடித்தால் இந்த முறுக்கு குறையும். செங்குத்து மவுஸ்கள் இதற்காகத்தான் வந்தன. நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். என் கை சிறியது. பெரியப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது போல இருந்தது.

அம்மா கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கை மாவை எடுத்து, கைகுலுக்கும் நிலையில் அழுத்திப் பிடித்தேன். ஐந்து விரலும் அப்படியே பதிந்தன. "பெரிதாகப் பிடித்திருக்கிறாய், வேக வைக்கட்டுமா?" என்றார். வெயிலில் காய வைத்தேன், வெடித்துவிட்டது. மறுநாள் களிமண்ணில் பிடித்து, காரைக்குடியில் எங்களுக்குப் பழக்கமான ஆசாரியிடம் கொண்டுபோனேன். ஏதோ பழைய வீட்டைப் பிரித்தபோது வந்த தேக்குச் சட்டத்தின் துண்டு அவரிடம் இருந்தது. உலகின் முதல் மவுஸும் மரம்தான், 1964இல் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்துச் சொல்ல பில் இங்கிலிஷ் செய்தார், அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள் இருந்தன என்று சொன்னேன். "அப்படியானால் தம்பி, அவரும் எங்கள் ஆள்தான்" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தார்.

முதல் வடிவத்தில் என் அறியாமைதான் அதிகம். மலிவான மவுஸ் ஒன்றைப் பிரித்து, அதன் சுற்றுப்பலகையை மர அடித்தட்டில் பொருத்தினேன். திரையில் அம்புக்குறி நகரவே இல்லை. ஒளி உணரியின் வில்லைக்கும் மேசைக்கும் இடையே சுமார் 2.4 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். என் தட்டின் கனமே 6 மில்லிமீட்டர். பிறகு பிளாஸ்டிக் அடித்தட்டை அப்படியே விட்டுவிட்டு, மேலே மட்டும் மரத்தைக் கவிழ்த்தேன். பொத்தான்களின் சுவிட்சுகளைப் பற்றவைப்பிலிருந்து கழற்றி, ஒயர் நீட்டி, விரல்கள் இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

இரண்டாவது கிட்டத்தட்ட நேராக நின்றது. மணிக்கட்டுக்குச் சுகம், வேலைக்கு ஆகவில்லை. பொத்தானைப் பக்கவாட்டில் அழுத்துவதால் ஒவ்வொரு கிளிக்குக்கும் மவுஸ் நகர்ந்தது. அதைத் தடுக்கக் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து, வலி அங்கே குடிபோனது. தட்டை மவுஸில் நுண்ணிய அசைவுகளை விரல்நுனிகள் பார்த்துக்கொள்ளும். செங்குத்தாக்கினால் அந்த வேலையும் முழங்கையிடம் போய்விடுகிறது. தாமரை இதழ் வரைந்தால் வாழை இலை வந்தது.

மூன்றாவது கனம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவதில் சாய்வு ஏறத்தாழ 40 பாகை. உள்ளே குடைந்து சுவரை மெலிதாக்கி, கட்டைவிரலுக்குப் பள்ளமும், சுண்டுவிரல் மேசையில் உரசாமல் இருக்க ஒரு விளிம்பும் வைத்தார் ஆசாரி. வார்னிஷ் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்; வியர்த்த கையில் வழுக்குமாம். வளைவுகள் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கின்றன.

ஆனால் வலி குறைந்ததற்கு முழுப் பெருமையையும் மவுஸுக்குக் கொடுக்க முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில், கணக்குப்பிள்ளைகள் தரையில் அமர்ந்து எழுதும் சாய்வுப் பெட்டி இருந்தது. விளையாட்டாக அதன் முன் உட்கார்ந்தேன். முன்கை முழுவதும் பலகையில் படுத்துக்கொண்டது, தோள் தானாக இறங்கியது. வீட்டில் என் மேசையோ உயரம். முழங்கை அந்தரத்தில் தொங்க, மணிக்கட்டு விளிம்பில் மடங்கிக் கிடந்திருக்கிறது. ஆசாரியை அழைத்து மேசைக் கால்களில் இரண்டு அங்குலம் அறுக்கச் சொன்னேன். மூன்று மவுஸ்களுக்கு முன்னால் இதைச் செய்திருக்கலாம். "மவுஸ் கூலி தனி, மேசைக் கூலி தனி" என்றார்.

உருட்டுச் சக்கரம் இன்னும் இல்லை. சக்கரம் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் குறியாக்கி பழைய சுற்றுப்பலகையிலேயே படுத்திருக்கிறது, விரலுக்கு எட்டாது. அதற்கு மூன்று இணைப்புக் கால்கள்தான். ஒயர் நீட்டிக் கட்டைவிரல் பக்கம் கொண்டுவரலாம். அறுகோண அச்சுக்குப் பொருந்தும்படி ஒரு சிறு சக்கரத்தைக் கடைந்து தருவதாக ஆசாரி சொல்லியிருக்கிறார். அதுவரை இடது கைதான் விசைப்பலகையில் பக்கங்களை நகர்த்திக்கொண்டிருக்கிறது.