பதினாறாம் வாய்ப்பாடும் என் மூச்சும்

அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எனக்கு மூன்றாம் மாடி. படியேறும்போது ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். எடுத்துப் பேசினேன். பேசியதாக நான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சார், வீட்ல ஏதாவது துக்கமா? நான் வேணா அடுத்த வாரம் பேசட்டுமா?" என்றார். நான் விம்மி விம்மி அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். "இல்ல சார், இரண்டாவது மாடியில் நிற்கிறேன்" என்று விளக்கவும் மூச்சு இல்லை. "ஆமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். தாமதமாகியிருந்த வேலையைப் பற்றி அவர் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. அந்த வகையில் லாபம்தான்.

ஆனாலும் மனதை அரித்தது. வயது 43. படியேறினால் இரங்கல் தெரிவிக்கிறார்கள் என்றால் எங்கேயோ தப்பு நடக்கிறது.

ஓடுவது என்று முடிவெடுத்தேன். ஷூ ஏற்கெனவே இருந்தது, நான்கு மாதம் முன்பு இதே முடிவை எடுத்தபோது வாங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது மகள், "அப்பா, இது புதுசா?" என்றாள். மனைவி, "இல்லம்மா, பழசு. போட்டதில்லை, அவ்வளவுதான்" என்றாள். நாற்பதைத் தாண்டியவன் என்பதால் மருத்துவரிடம் ஒரு தடவை இதயத்தைக் காட்டிவிட்டு வந்தேன். இதயம் நன்றாகவே இருக்கிறதாம், வேலைதான் கொடுக்கவில்லை என்றார்.

முந்தின நாள் இரவு நான் செய்த தப்பு, கென்யாவின் மாரத்தான் வீரர் கிப்சோகே ஓடுவதைப் பார்த்துவிட்டுத் தூங்கியது. 2019 அக்டோபரில் வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடி முடித்தாரே, அது. அவருக்கென்றே ஏற்பாடு செய்த ஓட்டம் என்பதால் உலக சாதனைக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. இருக்கட்டும். வகுத்துப் பார்த்தால் 100 மீட்டருக்குச் சுமார் 17 நொடி. அதே வேகத்தில் 400 தடவைக்கு மேல், நடுவில் நிற்காமல். முகத்தில் கொஞ்சம்கூடச் சுளிப்பு இல்லை, ஏதோ நல்ல செய்தி கேட்டவர் போல ஓடுகிறார். பார்ப்பதற்கு ரொம்ப சுலபமாக இருந்தது.

காலையில் பூங்காவுக்குப் போய், கைக்கடிகாரத்தில் பொத்தானை அழுத்தி, பாய்ந்தேன். காற்று காதில் விசிறியது. முதல் பெஞ்சைக் கடந்தேன். இரண்டாவது பெஞ்சைக் கடந்தேன். மூன்றாவது பெஞ்சு வருவதற்குள் நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட ஆரம்பித்தார்கள். நாக்கு தள்ளிவிட்டது. ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று, குறைந்தது ஐந்து நிமிடமாவது ஓடியிருப்பேன் என்ற நம்பிக்கையோடு கடிகாரத்தைப் பார்த்தேன். 41 நொடி. நின்றுபோய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். 42, 43 என்று நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் இருவரில் ஓடியது அது மட்டும்தான்.

மானத்துக்காக அன்றைக்கு இதேபோல் ஆறு தடவை பாய்ந்து ஆறு மரங்களைக் கட்டிப்பிடித்தேன்.

மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழ முயன்றபோது தொடைகள் ஒத்துழைக்கவில்லை. எழுந்தது பெரிய விஷயமில்லை, மாடியிலிருந்து இறங்குவதுதான். ஒரு படியில் காலை வைத்ததும் தொடை முன்பக்கம் கத்தியது. யோசித்துப் பார்த்து, திரும்பிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாகவே இறங்கினேன். அதில் வலி பாதிதான். கீழே மகள் பல் தேய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரையோடு, "அப்பா, நேத்து ஓடினீங்களா, அடி வாங்கினீங்களா?" என்றாள். மேற்கத்திய பாணிக் கழிப்பறையில் உட்கார்ந்த கதையை இங்கே எழுதப்போவதில்லை. கடைசி அரையடியை நான் உட்காரவில்லை, விழுந்தேன் என்பதோடு விட்டுவிடலாம்.

இந்த வலிக்குத் தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதுதான் காரணம் என்று நெடுநாளாக நம்பிக்கொண்டிருந்தேன். அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்திலேயே ஏறக்குறைய கலைந்துவிடுமாம். பழக்கமில்லாத தசை பாரத்தைத் தாங்கியபடியே நீளும்போது அதற்குள் நுண்ணிய சேதங்கள் ஏற்படுகின்றன, அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். படியிறங்கும்போது தொடைத் தசை செய்வது அதே வேலை. அதனால்தான் ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. இதையெல்லாம் படுத்துக்கொண்டே படித்தேன், வேறு எதுவும் செய்ய முடியாததால்.

அத்தை மகன் ஒருவன் இருக்கிறான், எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருப்பவன். "மச்சான், ஒன்பது வாரத் திட்டம் ஒண்ணு இருக்கு, சோபாவிலிருந்து நேரா 5 கிலோமீட்டர்" என்று ஒரு செயலியை அனுப்பினான். ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-இல் போட்ட திட்டம். வாரம் மூன்று நாள்தான். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 60 நொடியா? குழந்தைகளுக்கான திட்டத்தைத் தப்பாக அனுப்பிவிட்டானா?

எட்டு ஓட்டத்தில் மூன்றாவதில் சிரிப்பு நின்றது. ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. செயலியில் ஒரு பெண் குரல் "இப்போது நடக்கலாம்" என்று சொல்லும். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் காத்திருந்ததுபோல வேறு எதற்கும் காத்திருந்ததில்லை. "இப்போது ஓடுங்கள்" என்பதும் அதே குரல்தான். ஆனால் அதில் மட்டும் ஏதோ பழைய பகை தொனிக்கும்.

முதல் வாரத்தை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஐந்தாவது ஓட்டத்துக்கு மேல் போக முடியவில்லை. நடுவில் வலது விலாவுக்குக் கீழே ஊசியால் குத்துவதுபோல ஒரு பிடிப்பு வேறு. அது ஏன் வருகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கே இன்னும் ஒத்த கருத்து இல்லையாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே ஓடினால் வர வாய்ப்பு அதிகம், வேகத்தைக் குறைத்து மூச்சை நீளமாக வெளியே விட்டால் அடங்கும் என்று மட்டும் பலரும் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் அந்தப் பெரியவர் பேசினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர். நான் வேகமாக அவரைத் தாண்டுவேன், மரத்தடியில் நின்று இரைப்பேன், அவர் நிதானமாக என்னைத் தாண்டுவார். மறுபடி நான் தாண்டுவேன். ஒரு சுற்றின் முடிவில் கணக்குப் பார்த்தால் அவர்தான் முன்னால் இருப்பார். அன்றைக்கு மரத்தடியில் நின்று கேட்டார்:

"தம்பி, யாராவது துரத்துறாங்களா?"

"இல்லைங்க... ஐயா... ஸ்டாமினா..."

"பேசவே முடியலையே. ஓடும்போது பக்கத்துல இருக்கிறவன்கிட்ட ரெண்டு வரி பேச முடியணும். முடியலைன்னா அது ஓடுறது இல்ல, தப்பிச்சு ஓடுறது."

சரி, பேசிப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஆனால் யாரிடம்? தனியாக ஓடுபவன் தனக்குத்தானே பேசினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பாடவும் கூச்சம். கடைசியில் சிறு வயதில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த பதினாறாம் வாய்ப்பாடு கைகொடுத்தது. "ஓரு பதினாறு பதினாறு, ரெண்டு பதினாறு முப்பத்திரண்டு" என்று ஆரம்பித்தேன். "நாலு பதினாறு" வரும்போது இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. "ஆறு பதினாறு... தொண்ணூத்தி... ஆறு." அடுத்தது "ஏழு பதினாறு... நூத்தி... நூத்தி..." என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன், கடந்துபோன நடைக் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, "நூத்திப் பன்னிரண்டு!" என்று முடித்துவைத்தார். மூச்சு வரவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை, கணக்கு வரவில்லை என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து பூங்காவில் நான் கணக்கில் வீக்கான ஆள்.

ஆனால் வாய்ப்பாடு வேலை செய்தது. ஏழாவது வரியில் திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். குறைத்தேன். இன்னும் குறைத்தேன். பத்தாவது வரி வரைக்கும் சொல்ல முடிந்த வேகத்தைக் கண்டுபிடித்தபோது, அது ஓட்டமா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. கடிகாரத்துக்கும் வந்தது. மணிக்கட்டில் அதிர்ந்து, "நீங்கள் நடப்பதுபோல் தெரிகிறது, நடையைப் பதிவு செய்யட்டுமா?" என்று கேட்டது. இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்புகிற என் ஓட்டத்தை! பெரியவரை இப்போது என்னால் தாண்டவே முடியவில்லை. சில நாள் அவர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பேன். அவர் நடப்பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூச்சைவிடக் கஷ்டமாக இருந்தது இந்த வெட்கம்தான். பெஞ்சில் ஆள் இல்லாத இடத்தில் ஒழுங்காக மெதுவாகப் போவேன். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு தூரத்தில் தெரிந்தால் போதும், நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளிழுத்து, கிப்சோகேயாக மாறி அவர்களைக் கடந்து, அடுத்த வளைவில் மறைந்ததும் செத்துப்போவேன். என் முதல் மூன்று வாரத்தைக் கெடுத்தது அந்தப் பெஞ்சுகள்தான். அவர்களில் ஒருவர்கூட என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை, எல்லோர் கையிலும் போன் இருந்தது என்பது வேறு விஷயம்.

மெதுவாக ஓட ஆரம்பித்தபின் உள்ளே என்னென்னவோ நடந்திருக்கிறது. முதலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, அதற்கு ஓரிரு வாரம்கூட ஆகாது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அனுப்பும் ரத்தம் அதிகமாகிறது. அப்புறம் தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன, ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது, நான்காவது வார ஓட்டத்தில் ஒரு நாள் பதினாறாம் வாய்ப்பாடு முடிந்தபிறகும் ஓடிக்கொண்டிருந்தேன் என்பதுதான். பதினேழைத் தொட்டேன்!

உடனே தலைக்கனம். மூன்று நாளை ஐந்து நாளாக்கினேன். எட்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி, விரலால் தொட்டாலே வலி. மூச்சு வாரக்கணக்கில் தேறிவிடும், தசைநாரும் எலும்பும் மாதக்கணக்கில்தான் பழகும், ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடம்பின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. இது தெரிந்திருந்தால் அடங்கியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். தெரியும். அத்தை மகன் முன்பே சொல்லியிருந்தான். "நீ சொல்றது ஓடத் தெரியாதவங்களுக்கு" என்று நான்தான் பதில் சொன்னேன். பத்து நாள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவன் பார்க்க வந்து, எதுவும் சொல்லாமல், என் காலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

திட்டத்தின் ஐந்தாவது வாரம் ஒரு கண்ணாமூச்சி. முதல் நாள் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று ஓட்டம். இரண்டாம் நாள் எட்டு எட்டாக இரண்டு. மூன்றாம் நாள் செயலியைத் திறந்தால், நிற்காமல் 20 நிமிடம் என்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்து மூடித் திறந்தேன். அதேதான். அன்றைக்கு மட்டும் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, செயலியின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஓடினேன். பதினாறு முடிந்தது, பதினேழு முடிந்தது, மறுபடி பதினாறு. எத்தனை சுற்று என்று மறந்துவிட்டேன். திடீரென்று "இப்போது நடக்கலாம்" என்றது குரல். முதல் தடவையாக அந்த வார்த்தைக்கு நான் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "20 நிமிஷம் நிக்காம ஓடினேன்" என்றேன். "அப்படியா, எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "நிமிஷக் கணக்கே நல்லா இருக்குங்க, அதையே சொல்லுங்க" என்றாள்.

ஒன்பது வாரத் திட்டம் எனக்கு ஐந்து மாதம் ஆனது. போன வாரம் கடைசி நாள், 30 நிமிடம். 5 கிலோமீட்டர் வரவில்லை, 3.8 வந்தது. பெரியவரும் நானும் ஒரே நேரத்தில் கடைசி வளைவுக்கு வந்தோம். நான் பதினெட்டாம் வாய்ப்பாட்டை முடித்திருந்தேன், மூச்சு இன்னும் பாக்கி இருந்தது. எதிரே அந்த நூத்திப் பன்னிரண்டு அம்மா தன் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தார்.

"பதினெட்டு ஆச்சா?" என்றார் பெரியவர், நடந்துகொண்டே.

"ஆச்சுங்க."

"அப்ப பத்தொன்பது?"

வாயைத் திறந்தேன். "ஓரு பத்தொன்பது பத்தொன்பது, ரெண்டு பத்தொன்பது முப்பத்தெட்டு, மூணு பத்தொன்பது..." அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பள்ளியில் பதினெட்டோடு விட்டுவிட்டார்கள்.

"ஐம்பத்தேழு!" என்றார் அந்த அம்மா, எங்களைக் கடந்தபடி.