தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டும் ஒரு தள்ளுவண்டியும்

சோதனை ஓட்டமாக, சுத்தமல்லி அணைக்கட்டை வண்டியில் படகை வைத்துத் தள்ளி ஒற்றை ஆளாகச் சுற்றிக் கடந்தாயிற்று. படகிலிருந்த சரக்கைக்கூட இறக்கவில்லை. கயாக் என்ற ஒல்லியான துடுப்புப் படகில் தாமிரபரணியோடு கடல் வரை போகும் திட்டத்தில் இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்த ஒரே விஷயம் இதுதான்.

துடுப்புப் போடுவதில் கவலை இல்லை. ஆறு மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர். அதிலும் ஆறு பிறக்கும் பூங்குளத்திலிருந்து இறங்கும் பகுதி புலிகள் காப்பகம். பாறையில் விழுந்து விழுந்து வருகிற தண்ணீர், போதாக்குறைக்குக் காரையாறு அணையில் முதலை. ஆகவே பாபநாசம் படித்துறையில் தொடங்கி, கடலில் சேரும் புன்னைக்காயலில் முடிக்கிறேன். தலையிலிருந்து போகாதது கணக்கில் சேராது என்பவர்கள் பூங்குளத்தில் படகை இறக்கிக் காட்டட்டும்.

வழியில் எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டிலும் படகைக் கரையேற்றி, கீழே கொண்டுபோய் விட வேண்டும். தண்ணீர் வழியும்போது மேலாகவே சறுக்கி இறங்கிவிடலாம் என்பார்கள் சிலர். விழுகிற இடத்தில் தண்ணீர் சுருண்டு அணைப்பக்கமே திரும்ப இழுக்கும். எனக்கு அந்த ஆசை இல்லை.

படகிலிருந்து இறங்குவதற்கு என் கணக்கு, வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் தலைமதகு இல்லாத கரை. சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் இடது பக்கம் பிரிகிறது, அதனால் வலது கரை. மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். இரண்டு பக்கமும் மதகு இருப்பதால் வெகு முன்னாலேயே கரையேறியாக வேண்டும். நடை கூடும். எனவேதான் வண்டிமேல் இவ்வளவு வெறி.

ஆன்லைனில் வாங்கிய கயாக் வண்டியின் சக்கரம் சிமென்ட் தரையில் அழகாக ஓடும். ஆற்று மணலில் கால் வைத்ததும் புதைந்து, படகு கலப்பை மாதிரி உழ ஆரம்பித்துவிட்டது. மணலுக்கென்றே வரும் வெளிநாட்டு பலூன் சக்கரத்தின் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினேன். கடைசியில் கைகொடுத்தது கட்டட சாமான் கடையில் தொங்கும் ஒற்றைச் சக்கர மண்வண்டியின் டயர். அளவு 4.00-8, ஆட்டோவுக்குப் போடும் அதே அளவு. அம்பாசமுத்திரம் முதல் ஆத்தூர் வரை எந்த பங்சர் கடைக்காரரும் முகம் சுளிக்காமல் ஒட்டித் தருவார். காற்றை விரலால் அமுக்கினால் குழிகிற அளவுக்கு இறக்கிவிட்டால் மணலில் பரந்து நிற்கிறது.

டயர் சரி, பேரிங் சரியில்லை. ஒரே மாலையில் மணல் ஏறி நறநறவென்று அரைக்கத் தொடங்கியது. பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டு, லேத் பட்டறையில் அச்சு சுழல நைலான் குழாய்த் துண்டு (புஷ்) கடைந்து போட்டேன். கிரீஸ் தடவக் கூடாது, மணல் ஒட்டும். வெறும் தண்ணீரே போதும். 16 மி.மீ. கம்பிதான் அச்சு, இரண்டு முனையிலும் வாஷர், காட்டர் பின். பட்டறை அண்ணாச்சி, "இதுக்கு ஒரு சைக்கிளே வாங்கிரலாமே தம்பி" என்றார். கூலி குறைவாகத்தான் வாங்கினார்.

இன்னொன்று, வண்டியைப் படகின் நடுமையத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் மூக்கைப் பிடிக்கும் கையில் லேசான பாரம் விழுகிறது. அது இருந்தால்தான் சரிவில் வண்டி அடங்குகிறது. கட்டுவதற்கு லாரி பெல்ட் வேண்டாம், முறுக்கினால் படகின் அடி நசுங்கும். பழைய சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டினால் போதும்.

புறப்பாடு ஜனவரியில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே மிஞ்சிய தண்ணீர்தான் போகும். கோடையில் போனால் கடைசிப் பகுதி முழுக்க வண்டிப் பயணம்தான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முந்தைய செயற்கைக்கோள் படங்களை நம்புவதாக இல்லை. மருதூரின் இரண்டு கரையையும் நடந்தே பார்க்க வேண்டும், எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது, எங்கே அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மிதக்கிறது என்று. சுலோச்சன முதலியார் பாலத்தை ஒட்டிய நகரப் பகுதியில் சாக்கடை கலப்பதால் அங்கே நிற்காமல் ஒரே மூச்சில் தாண்டுவதாக ஏற்பாடு. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் ஓதம் (கடல்மட்ட ஏற்றஇறக்கம்) பெரிதில்லை, கடற்காற்றுதான் தொல்லை. பிற்பகலில் நேராக முகத்தில் அடிக்கும் என்பதால் கடைசி இரவு ஆத்தூர்ப் பக்கம் தங்கி, விடியுமுன் கிளம்ப வேண்டும். அதற்கு ஒரு நல்ல தலைவிளக்கு தேடிக்கொண்டிருக்கிறேன்.