மாமனார் வீடு 355 கிலோமீட்டர்

என் மனைவிக்கு ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். 2012-இல் முதன்முறை அங்கே போனபோது சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறந்தோம். வான்வழியில் 640 கிலோமீட்டர் சொச்சம். கட்டுநாயக்காவில் இறங்கி, வேன் பிடித்து, வந்த திசையிலேயே வடக்கே திரும்பிச் சுமார் 400 கிலோமீட்டர். வவுனியா தாண்டும்போது அவள் கடுப்பாகச் சொன்னாள்: “காலையில பிளேன் எங்கட வீட்டுக்கு மேலாலதான் போயிருக்கும்.”

பெரிய மிகையும் இல்லை. மீனம்பாக்கம் 80.17 பாகை கிழக்கு, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி 80.07. மகனின் அட்லஸில் அடிமட்டத்தை நட்டுக்குத்தலாக வைத்தால் போதும். நேர் தெற்கே 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரை இதைவிடத் தூரம். திருச்சிக்காரர்களுக்கோ யாழ்ப்பாணம் 185 கிலோமீட்டர்தான். அவர்களுக்குச் சென்னையே அதைவிடத் தொலைவு.

போன தையில் நேர் விமானத்தில் போனோம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று இருந்தது. ஏடிஆர் விமானம், புரொப்பல்லர் வைத்தது. மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அப்படியானால் 43 நிமிடம்தானே ஆக வேண்டும்? மகன் கேட்டான். சரி, பார்க்கலாம் என்று கடிகாரத்தைக் கவனித்தேன். டிக்கெட் நேரம் என்பது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்கும் வரைக்கும். முன்னால் மூன்று விமானங்கள் நின்றதால் ஓடுபாதை முனையில் மட்டும் பதினான்கு நிமிடம் போயிற்று. மேலே ஏறுவதும், இறங்கும் முன் ஓடுபாதைக்கு நேராக வளைந்து வருவதும் முழு வேகத்தில் நடப்பதில்லை. சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொட்டது வரை 56 நிமிடம்.

வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். கரை கூடவே வரும். கோடிக்கரை மூக்கு தாண்டியதும் கடல் நீலம் விட்டுக் கலங்கிய பச்சையாகும். பாக்கு நீரிணை அவ்வளவு ஆழமில்லை. இட்லி தட்டை ஏர்ஹோஸ்டஸ் வாங்கிக்கொண்டு போவதற்குள் பனைமரங்களும் செம்மண்ணும் வந்துவிட்டன. கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் ஒரே நேரம்.

ஆனால் மொத்தக் கணக்கு வேறு. வளசரவாக்கத்தில் வீட்டைப் பூட்டியதிலிருந்து சுன்னாகம் வாசல் வரை ஆறரை மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது ஒரு மணிகூட இல்லை. மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்லி உட்கார வைத்த கதையை எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

மாமாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விட்ட முதல் விமானமே கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் பலாலியிலிருந்து திருச்சிக்குப் போய் வந்திருக்கிறார். அப்புறம் யுத்தம். 2019-இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்து, சில மாதத்தில் கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில்தான் சென்னை விமானம் மறுபடி வந்தது.

இந்த முறை நாங்கள் மீனம்பாக்கத்தில் வரிசையில் நிற்கும்போதே மாமா போன் அடித்தார்.

“வெளிக்கிட்டாச்சோ, தம்பி?”

“இன்னும் ஏறவே இல்லை, மாமா.”

“அப்ப நான் இப்ப சோறு போடச் சொல்லேல்ல. ஏறினாப் பிறகு எடுங்கோ, உலை வைக்கச் சொல்லுறன்.”