மிதவைத் தரவை ஜிடிஎஸ்-இல் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது

பினாங்குத் தீவுக்கு மேற்கே நங்கூரமிட்ட, காற்றையும் கடலையும் அளக்கும் மிதவை. அளவீடுகள் இரிடியம் செயற்கைக்கோள் வழியாக மணிக்கொரு முறை கரைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. கரையிலிருந்து, நாடுகள் வானிலைத் தரவைப் பகிர்ந்துகொள்ளும் உலக வானிலை அமைப்பின் ஜிடிஎஸ் வலைக்குப் போவதற்குள்தான் அத்தனை இழுபறியும்.

மிதவையின் அடையாள எண்ணுக்கான படிவத்தை வாங்கிய அலுவலகம் "விவரம் போதாது" என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டது. எந்த விவரம் என்று கேட்டால் பதில் இல்லை. கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறிப் போய்க் கேட்டால், காற்றுமானியின் உயரம்! தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று தெரியாவிட்டால், வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் காற்றின் வேகத்தை 10 மீட்டர் உயரத்துக்குத் திருத்த முடியாது. அழுத்தமானியின் உயரம், கடல் வெப்பம் எடுக்கும் ஆழம் இரண்டையும் கூடவே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, அளவீடுகளைச் சுமந்து போகும் செய்தியின் தலைப்பு வரி. புதுத் தலைப்பை முன்கூட்டியே அறிவித்து, இடைமையங்களின் வழிப்பட்டியலில் சேர்க்கச் செய்ய வேண்டும். பட்டியலில் இல்லாததை அடுத்த மையத்துக்கு அனுப்பமாட்டார்கள். பிழைச் செய்தியும் திரும்பி வராது. நம் பக்கம் 'அனுப்பியாயிற்று' என்றே காட்டும். அதை நம்பாமல், வேறொரு நாட்டு மையத்தில் வந்து சேர்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

அளவீடுகளை எழுதி அனுப்பும் இரும வடிவமான பஃபர் குறியீட்டில் அழுத்தம் பாஸ்கலில், வெப்பம் கெல்வினில். 1009.3 ஹெக்டோபாஸ்கல் என்றால் 100930. செல்சியஸைக் கெல்வினாக்க 273.15-க்குப் பதில் 273 மட்டும் கூட்டினால் 0.15 பாகை குறையும்; கடல் வெப்பத்தில் அது சின்ன விஷயமல்ல.

கருவி விற்றவர் கடிகாரத்தை மலேசிய நேரத்தில் வைத்துக் கொடுத்திருந்தார். காலை 10 மணி அளவீட்டை அப்படியே 10 யுடிசி (உலகப் பொது நேரம்) என்று அனுப்பினால் அது 8 மணி நேரம் எதிர்காலத்தில் நிற்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: நம் வட்டாரத்தில் அழுத்தம் தினமும் மலேசிய நேரம் காலை 11, இரவு 11 மணியை ஒட்டி உச்சம் தொடும். வரைபடத்தில் அந்த உச்சங்கள் 03, 15 யுடிசி அருகே விழ வேண்டும். விழவில்லையா, கடிகாரத்தைப் பாருங்கள்.

கருவி பழுதானால் சுழியம் அனுப்பாதீர்கள். அலை உயரம் 0 என்றால் கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று பொருள். 'தரவு இல்லை' என்பதற்குப் பஃபரில் அந்தப் புலத்தின் பிட் எல்லாம் 1. பஃபரைப் படிக்கும் இசிகோட்ஸ் மென்பொருளில் பிரித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2025-இல் ஜிடிஎஸ்-க்கு மாற்றான விஸ் 2.0 நடைமுறைக்கு வந்துவிட்டதால் இப்போது தொடங்குபவர்கள் அதையும் சேர்த்தே கேளுங்கள். பஃபர் அங்கேயும் உண்டு. உயர விவரத்தை அங்கேயும் கேட்பார்கள்.