கடன் புத்தகத்தில் கிடக்கும் கார்பன்

ஒரு வங்கியின் கார்பன் கணக்கில் பெரும்பங்கு அதன் கடன் புத்தகத்தில்தான், அதாவது அது கடன் கொடுத்த நிறுவனங்களின் உமிழ்வில்தான் கிடக்கிறது. வளரும் நாடுகளில் வங்கிகளின் பல காலநிலை அறிக்கைகள் எல்இடி விளக்கு, காகிதச் சிக்கனத்தோடு முடிந்துபோகின்றன. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 (காலநிலைத் தகவல்களை வெளியிடுவதற்கான சர்வதேசத் தரநிலை) என்ற தரநிலைக்கு அது போதாது.

கணக்கு எளிதுதான். பங்குச் சந்தையில் இல்லாத ஒரு நிறுவனம். அதன் பங்கு மூலதனமும் மொத்தக் கடனும் சேர்ந்து 100 கோடி. அதில் உங்கள் வங்கிக்கு வரவேண்டிய கடன் நிலுவை 20 கோடி, ஐந்தில் ஒன்று. நிறுவனத்தின் ஆண்டு உமிழ்வு 50,000 டன். அதிலும் ஐந்தில் ஒன்று, 10,000 டன், உங்கள் வங்கியின் கணக்கில் சேரும்.

அந்த 50,000-க்கு எங்கே போவது? பல சிறுநிறுவனங்கள் உமிழ்வை அளப்பதே இல்லை. உடனே வங்கிகள் அந்தத் தொழில்துறையின் சராசரி உமிழ்வைப் போட்டுவிடுகின்றன. நிதி நிறுவனங்களின் கார்பன் கணக்கீட்டுக் கூட்டமைப்பான பிசிஏஎஃப்-இன் தரவுத் தர வரிசையில் அது 4 அல்லது 5 (1 தான் உச்சம்). அதைவிடச் சங்கடம், கடனாளி கொதிகலனையே மாற்றினாலும் எண் அசையாது.

கடன் புதுப்பிக்கும்போதே 12 மாத மின் யூனிட்டும் டீசல் லிட்டரும் கேளுங்கள். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சிமென்ட், எஃகு என்றால் எரிபொருளால் அல்லாமல் உற்பத்திமுறையிலேயே வெளியாகும் உமிழ்வையும் சேர்க்கவேண்டும். தரம் 2-க்கு வந்துவிடும்.

உமிழ்வைப் போலவே, கடனாளிக்கு உள்ள வெள்ள அபாயத்தைக் கணிக்கவும் சரியான தரவு வேண்டும்; அதற்குக் கோப்பிலுள்ள தலைமையக முகவரி உதவாது. ஆலையின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும்.